சிசேரியன் குழந்தைக்கு ‘ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’ கூடுதலா?

கேள்வி: எனக்கு வயது 29. இரண்டாவது கர்ப்பம், 34 வாரம் முடிந்துவிட்டது. மூன்று வருடம் முன்பு முதல் பிரசவத்தில் 14 மணி நேரம் வலி எடுத்து, கர்ப்பப்பை வாய் 8 செ.மீ. திறந்த பிறகு, குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று அவசரமாக சிசேரியன் செய்தார்கள். இந்த முறை சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம், வேண்டாமென்றால் தேதி குறித்து ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்கிறார் டாக்டர். வீட்டில் ஜோசியரிடம் நாள் பார்த்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு 37 வாரம் 2 நாள் ஆகியிருக்கும். இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. சிசேரியன் குழந்தைகளின் ரத்தத்தில் ‘ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’ அதிகம், மூளையைப் பாதிக்கும், பிறந்ததும் தொப்புள் கொடி ரத்தத்தை டெஸ்ட் செய்து ஆன்டிஆக்ஸிடன்ட் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது. இது உண்மையா? என் முதல் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா? நான் என்ன செய்வது?
வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த வீடியோ இல்லை, ஜோசியர் குறித்துக் கொடுத்த தேதி. அதற்குப் பிறகு வருகிறேன். வீடியோவை முதலில் முடித்துவிடலாம்.

‘ஸ்ட்ரெஸ்’ என்ற வார்த்தையைக் கேட்டதும் குழந்தை டென்ஷனாக இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மனசுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. நம் செல்கள் ஆக்ஸிஜனை வைத்து உணவை எரித்துத்தான் சக்தி எடுக்கின்றன. விறகு எரிந்தால் பொறி பறக்கும் இல்லையா, அதுபோல இந்த எரிப்பிலும் பொறி தெறிக்கும். சூப்பர்ஆக்ஸைடு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு போன்றவைதான் அந்தப் பொறிகள். எதிலும் பிடிபடாமல் திரியும் இரும்பு அணு ஒன்று பக்கத்தில் இருந்துவிட்டால் ஹைட்ராக்ஸில் என்ற இன்னும் மோசமான பொறி கிளம்பும். செல்லின் கொழுப்புச் சவ்வு, புரதம், மரபணு என்று எது கிடைத்தாலும் இவை சுட்டுவிடும். அணைக்கவும் உடம்பில் ஆள் இருக்கிறது: சூப்பர்ஆக்ஸைடு டிஸ்மியூடேஸ், கேடலேஸ் என்ற நொதிகள், குளூட்டதயான், வைட்டமின் ஈ. பொறி மிஞ்சி, அணைக்கிற ஆள் போதாமல் போனால் அதுதான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்.

எந்த வழியாகப் பிறந்தாலும் ஒவ்வொரு குழந்தையும் இதைக் கொஞ்சம் சந்தித்தே தீரும். கருப்பையில் குழந்தையின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் 25–30 மி.மீ. பாதரச அளவில்தான் இருக்கும். அழுது மூச்சிழுத்த சில நிமிடங்களில் அது 75–85 வரை ஏறிவிடும். ஒன்பது மாதம் மங்கலான அறையில் இருந்துவிட்டு நேராக உச்சிவெயிலில் வந்து நிற்பது போன்ற மாற்றம் இது. இதற்கு உடல் முன்கூட்டியே தயாராகிறது. நுரையீரலில் ஆன்டிஆக்ஸிடன்ட் நொதிகள் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் வேகமாகக் கூடுகின்றன. வைட்டமின் ஈ நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குறைவாகத்தான் போகும். ஆனால் சீம்பாலில் அது நிறைய உண்டு, சீம்பாலின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டினும் உண்டு. பிறந்த குழந்தைகளுக்கு வரும் லேசான மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின்கூட ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட்தான். (அதற்காக மஞ்சள் காமாலையைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள், அளவு மீறினால் அதுவே மூளைக்கு விஷம்.)

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த விஷயத்தை ‘சிசேரியன், சுகப்பிரசவம்’ என்று இரண்டாகப் பிரிப்பதுதான் முதல் தவறு. மூன்றாகவாவது பிரிக்க வேண்டும். வலி வந்து இயல்பாகப் பிறந்த குழந்தை ஒன்று. வலியே வராமல், நாள் குறித்து எடுத்த குழந்தை இரண்டாவது. பல மணி நேரம் வலி எடுத்து, துடிப்பு குறைந்து, அவசரமாக எடுத்த குழந்தை மூன்றாவது. இரண்டாவதும் மூன்றாவதும் காகிதத்தில் ‘சிசேரியன்’ என்ற ஒரே பெயரில்தான் பதிவாகும். ஆனால் வேதியியலாகப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு பிரசவங்கள்.

ஒவ்வொரு முறை கருப்பை இறுகும்போதும் நஞ்சுக்கொடிக்கு வரும் ரத்தம் குறையும், தளரும்போது திரும்ப வரும். ஆரோக்கியமான குழந்தை இதைத் தாங்கும். வலி நீண்டு, இடைவெளி சுருங்கி, குழந்தைக்கு ஆக்ஸிஜன் உண்மையிலேயே பற்றாமல் போனால், செல்லின் சக்தி நாணயமான ஏடிபி உடைந்து ஹைப்போக்ஸாந்தின் என்ற பொருளாகத் தேங்கும். அப்புறம் ஆக்ஸிஜன் திடுமென்று திரும்பி வரும் நொடியில் ஸாந்தின் ஆக்ஸிடேஸ் என்ற நொதி அந்தத் தேக்கத்தைப் பிடித்துக்கொண்டு சூப்பர்ஆக்ஸைடைக் கொட்டும். ஆக்ஸிஜன் இல்லாதது ஒரு சேதம், அது திரும்பி வருவது இன்னொரு சேதம். வீடியோக்காரர்கள் பயமுறுத்தும் உயர்ந்த அளவுகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைக் குழந்தைகளில் வருபவை. அங்கே குற்றவாளி கத்தியா, அதற்கு முன் நடந்த மூச்சுத்திணறலா? அந்தக் குழந்தையைக் காப்பாற்றியதே கத்திதான்.

சரி, முதல் இரண்டு வகையை மட்டும் ஒப்பிட்டால்? ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. சுகப்பிரசவக் குழந்தைகளின் கொடி ரத்தத்தில் மலோன்டைஆல்டிஹைடு அதிகம் என்று சில ஆய்வுகள், சிசேரியனில்தான் அதிகம் என்று சில, வித்தியாசமே இல்லை என்று சில. மலோன்டைஆல்டிஹைடு என்பது சவ்வுக் கொழுப்பு கருகியதன் மிச்சம். பொறியை எண்ண முடியாததால் கரியை அளக்கிறார்கள். இந்த அளவீட்டில் வழுக்கும் இடங்கள் ஏராளம். தொப்புள் கொடியில் இருக்கும் தமனியிலிருந்து எடுத்தால் குழந்தையின் நிலை தெரியும், சிரையிலிருந்து எடுத்தால் நஞ்சின் நிலைதான் அதிகம் தெரியும். எடுக்கும்போது சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைந்தாலே எண் பொய்யாக ஏறிவிடும். மாதிரியை உடனே பிரித்து ஆழ்குளிரில் வைக்காமல் மேஜையில் விட்டால் அதுபாட்டுக்கு ஆக்ஸிஜனேற்றம் நடந்துகொண்டே இருக்கும். தாய்க்கு மயக்க மருந்தா, முதுகில் ஊசியா என்பதும், எவ்வளவு ஆக்ஸிஜன் கொடுத்தார்கள் என்பதும் சேர்ந்துகொள்ளும். ஹாங்காங்கில் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகில் ஊசி போட்டு நாள் குறித்துச் செய்த சிசேரியன்களில் 60% ஆக்ஸிஜன் சுவாசித்த தாய்மார்களிடமும் அவர்கள் குழந்தைகளின் கொடி ரத்தத்திலும் கொழுப்புக் கருகல் அளவுகள் ஏறியிருந்தன. சாதாரணக் காற்றைச் சுவாசித்தவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. பிரசவ முறை ஒன்றுதான், மாறியது மாஸ்க் மட்டும்.

முதல் குழந்தையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிறந்ததும் அழுததா, வார்டில் உங்களோடே இருந்ததா, வலிப்பு எதுவும் வரவில்லையா, மூன்று வயதுக்கு உரிய பேச்சும் ஓட்டமும் இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் பதில் திருப்தியாக இருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். நிறைமாதத்தில் பிறந்து நன்றாக மூச்சுவிட்ட குழந்தைக்கு, கொடி ரத்தத்தில் அன்றைக்கு இருந்த சின்ன ஏற்றம் பிற்காலத்தில் மூளை பாதிப்பாக மாறும் என்று யாரும் நிரூபித்ததில்லை. இந்தப் பொறிகள் நிஜமாகவே சுடும் இடம் வேறு: 32 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரை, நுரையீரல், குடல், பிறக்கும்போது கடுமையாக மூச்சுத்திணறிய குழந்தைகளின் மூளை.

இனி அந்தத் தேதி.

37 வாரம் 2 நாளில், வலி வராமல், காரணம் எதுவும் இல்லாமல் ஆபரேஷன் செய்வது வேண்டாம். உங்களைப் போலவே ஏற்கெனவே சிசேரியன் ஆகி மறுபடி நாள் குறித்துச் செய்துகொண்ட 13,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களை வைத்து அமெரிக்காவில் 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. மூச்சுத்திணறல், சர்க்கரை குறைதல், தொற்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ப்பு என்று ஏதாவது ஒரு சிக்கல் வந்த குழந்தைகள் 39-ஆம் வாரத்தில் 100-க்கு 8, 38-இல் 11, 37-இல் 15. இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. வலி வரும்போது குழந்தையின் ரத்தத்தில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் பொங்கும். நுரையீரலில் நிறைந்திருக்கும் நீரை உறிஞ்சி வெளியேற்ற அதுதான் உத்தரவு போடும். வலியும் இல்லை, வாரமும் முதிரவில்லை என்றால் நீர் அப்படியே தங்கும். குழந்தை நிமிடத்துக்கு 70, 80 என்று மூச்சு வாங்கும். பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்தில் சரியாகிவிடும் என்றாலும், அதுவரை ஆக்ஸிஜன் வைக்க வேண்டியிருக்கும், தாய்ப்பால் தள்ளிப்போகும். நொதிகள் முழுக்கத் தயாராகாத நுரையீரலுக்கு வெளியிலிருந்து ஆக்ஸிஜன். நீங்கள் வீடியோவில் பார்த்துப் பயந்த விஷயத்துக்கு நேராக இட்டுச்செல்லும் வழி இதுதான்.

ஜோசியரிடம் சண்டை போட வேண்டியதில்லை. 39 வாரம் தொடங்கிய பிறகு வரும் நாட்களை எழுதிக் கொடுத்து, அதற்குள் நல்ல நாள் பார்த்துத் தரச் சொல்லுங்கள். வாரக் கணக்கை 12 வாரத்துக்குள் எடுத்த முதல் ஸ்கேனோடு சரிபாருங்கள். கடைசி ஸ்கேன் காட்டும் தேதி இரண்டு, மூன்று வாரம்கூட முன்னே பின்னே போகும். ரத்தக் கொதிப்பு, குழந்தையின் வளர்ச்சி குறைவு, நஞ்சு கீழிறங்கி இருப்பது போன்ற காரணம் இருந்து டாக்டரே முன்னதாக எடுக்கச் சொன்னால் அது வேறு. அப்போது இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

சுகப்பிரசவ முயற்சி உங்களுக்குச் சரிப்படுமா என்பதை உங்கள் மகப்பேறு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பச்சிளங்குழந்தைப் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறேன். போனமுறை 8 செ.மீ. வரை திறந்ததும், இடுப்பு எலும்பு குறுகலாக இருக்கிறது என்பது போன்ற காரணம் இல்லாததும் சாதகமானவை. ஒரே ஒரு சிசேரியன் ஆனவர்கள் முயற்சி செய்தால் 100-க்கு 60 முதல் 80 பேருக்கு இயல்பாகப் பிறக்கிறது. பழைய தையல் பிரியும் ஆபத்து சுமார் 200-ல் ஒருவருக்கு. இது கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கே வெட்டியவர்களுக்கான கணக்கு. வயிற்றில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும். வலி வரவைக்க மிசோப்ரோஸ்டால் மாத்திரை உங்களுக்குக் கூடாது. நினைத்த நேரத்தில் ஆபரேஷனும் ரத்தமும் கிடைக்கும் இடமாக இருக்க வேண்டும். அரசு மருத்துவமனையென்றால் சீமாங் மையம் (அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம்) இருக்கும் இடம். முயற்சி பாதியில் நின்று அவசர சிசேரியன் ஆனால் குழந்தை அந்த மூன்றாவது வகைக்குள் போகும். அதனால் எவ்வளவு நேரம் காத்திருப்போம், துடிப்பைத் தொடர்ந்து பார்ப்பார்களா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். தொடர்ந்து துடிப்பைப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் இந்த முயற்சி வேண்டாம்.

எந்த வழியாகப் பிறந்தாலும், முதல் பத்து நிமிடத்தில் நடப்பதில் உங்கள் கவனம் இருக்கட்டும். முறையைவிட இதுதான் குழந்தையின் ரத்தத்தைப் பெரிதாக மாற்றுவது.

தொப்புள் கொடியை உடனே வெட்ட வேண்டாம் என்று கேளுங்கள். குழந்தை நன்றாக அழுதால் குறைந்தது 60 விநாடி. சிசேரியனிலும் முடியும், குழந்தையைத் தாயின் தொடைமேல் ஈரம் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். முதல் நிமிடத்திலேயே சுமார் 80 மி.லி. ரத்தம் நஞ்சிலிருந்து குழந்தைக்கு வந்து சேரும். ஸ்பெயினில் 2014-இல் வெளியான ஆய்வில் 10 விநாடியில் கட்டியவர்களையும் 2 நிமிடத்தில் கட்டியவர்களையும் ஒப்பிட்டார்கள். பொறுத்துக் கட்டிய குழந்தைகளிடம் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் கூடுதலாக இருந்தது. தனியார் கொடி ரத்த வங்கியில் சேமிக்கப் பணம் கட்டியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பையில் நிறைய ரத்தம் வேண்டும் என்றால் சீக்கிரம் கட்ட வேண்டும். குழந்தைக்கு வர வேண்டியதுதான் அந்தப் பைக்குப் போகிறது.

அடுத்தது ஆக்ஸிஜன். பிறந்த குழந்தை நீலமாகத்தான் வரும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். முதல் நிமிடத்தில் ரத்த ஆக்ஸிஜன் 60–65% இருந்தாலே போதும்; 3-ஆம் நிமிடத்தில் 70–75, 5-ஆம் நிமிடத்தில் 80–85, 10-ஆம் நிமிடத்தில் 85–95. ஆக்ஸிமீட்டரை வலது மணிக்கட்டில்தான் மாட்ட வேண்டும். 35 வாரம் தாண்டிய குழந்தைக்கு மூச்சு உதவி தேவைப்பட்டால், நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றில், அதாவது 21%-இல் தொடங்க வேண்டும் என்பதுதான் இன்றைய நெறிமுறை. ஒரு காலத்தில் எல்லாக் குழந்தைக்கும் 100% ஆக்ஸிஜன்தான். அந்தப் பழக்கத்தை அசைத்த முதல் ஆய்வுகளில் ஒன்று டெல்லியில் 84 குழந்தைகளை வைத்துச் செய்து 1993-இல் வெளியானது என்பதை நம் ஊரில் அதிகம் பேர் சொல்வதில்லை. பிறகு 2001-இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஆய்வு, 100% ஆக்ஸிஜனில் உயிர்ப்பித்த குழந்தைகளின் ரத்தத்தில் குளூட்டதயான் கணக்கு 28 நாள் கழித்தும் சீராகவில்லை என்று காட்டியது. சில நிமிட மாஸ்க்குக்கு ஒரு மாதத் தடம். நன்றாக அழும் குழந்தைக்கு ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று மூக்கருகே ஆக்ஸிஜன் குழாயைப் பிடிப்பது தேவையில்லாதது.

ஆபரேஷன் தியேட்டர் ஏசி இன்னொரு விஷயம். அறுவை செய்பவர்களின் வசதிக்கு அதை 18–20 டிகிரியில் வைத்திருப்பார்கள். குழந்தை வெளியே வரும்போது அறை 25 டிகிரிக்காவது இருக்க வேண்டும். குளிர்ந்த குழந்தை சூடு உண்டாக்கக் கூடுதல் ஆக்ஸிஜனை எரிக்கும், சர்க்கரையும் இறங்கும். உடல் வெப்பம் 36.5–37.5 டிகிரிக்குள் இருந்தால் போதும். முதுகில் ஊசி என்றால் நீங்கள் விழித்துத்தான் இருப்பீர்கள், எனவே துடைத்த குழந்தையை நெஞ்சில் தோலோடு தோலாகப் போட்டு மேலே உலர்ந்த துணி மூடச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். தையல் வலித்தால் குழந்தையின் கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி கக்கத்துக்கடியில் அணைத்துப் பிடியுங்கள். முதல் நாள் ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் அளவுதான் வரும். குழந்தையின் வயிறும் அவ்வளவுதான் கேட்கும். ‘பால் ஊறலையே’ என்று சர்க்கரைத் தண்ணீர், சேனை, கழுதைப்பால் என்று கிளம்பும் பெரியவர்களைச் சமாளிக்கக் கணவரை இப்போதே தயார் செய்துவையுங்கள்.

சொட்டு மருந்தும் டெஸ்ட்டும் வேண்டாம். மலோன்டைஆல்டிஹைடு ஓர் ஆய்வுக்கூட அளவு. ஒரு தனிக் குழந்தைக்கு எது சரி, எது தவறு என்று வெட்டிச் சொல்லும் எல்லைக்கோடு அதற்குக் கிடையாது. எண் வந்தாலும் அதை வைத்து எந்த மருத்துவரும் எதுவும் செய்ய முடியாது. ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் கெடுதல் செய்யாது என்று நினைப்பதும் தவறு. அமெரிக்காவில் 1984-இல் குறைமாதக் குழந்தைகளுக்கு ரத்தக் குழாய் வழியே ஏற்றிய ஒரு வைட்டமின் ஈ மருந்து 38 குழந்தைகளின் இறப்போடு தொடர்புபட்டுத் திரும்பப் பெறப்பட்டது. உங்களுக்கும் அதே பதில்தான். கர்ப்பிணிகளுக்கு வைட்டமின் சி 1000 மி.கி., ஈ 400 யூனிட் தினமும் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2006-இல் வெளியானது. கர்ப்பகால ரத்தக் கொதிப்பு தடுக்கப்படவில்லை. எடை குறைந்த குழந்தைகள்தான் கூடுதலாகப் பிறந்தார்கள். கொய்யா, நெல்லிக்காய், முருங்கைக்கீரை, வேர்க்கடலை சாப்பிடுங்கள். அதற்கு மேல் மாத்திரை வேண்டாம். இரும்பு பொறியைக் கூட்டும் என்று மேலே படித்ததை வைத்து இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரை தினம் ஒன்று, டீ, காபிக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி.

வழக்கமான தடுப்பு மருந்துகள் போக, குழந்தைக்கு உண்மையில் வேண்டியவை இரண்டுதான். பிறந்தவுடன் தொடையில் வைட்டமின் கே ஊசி, 1 மி.கி. அப்புறம் தினமும் வைட்டமின் டி 400 யூனிட், வாய் வழியே. இந்தச் சொட்டு மருந்து கடையில் 1 மி.லி.க்கு 400 யூனிட், 1 மி.லி.க்கு 800 யூனிட் என்று இரண்டு விதமாகக் கிடைக்கிறது. பாட்டில் மாறினால் அளவும் மாறும்: முதலாவது என்றால் 1 மி.லி., இரண்டாவது என்றால் அரை மி.லி. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் லேபிளைப் பாருங்கள்.